பூஜைக்கு மறுநாள் காணாமல் போன டேபிள்

விஸ்வகர்மா பூஜைக்கு மறுநாள் காலை, கொல்கத்தா கிடர்பூரில் அண்ணாச்சியின் மாடி அலுவலகத்தில் மூன்று பேர் இருந்தோம்: அண்ணாச்சி, பில் போடும் தீதி, அதாவது அக்கா, அப்புறம் நான். கீழே கோடவுனில் சுமையாட்களின் தலைவரான சர்தாரும் அவருடைய ஆட்களும் இருந்தார்கள். அவர்களுக்கு நடுவே, கரைப்பதற்கு இன்னும் ஆற்றுக்குப் புறப்படாத விஸ்வகர்மா தன் யானைமேல் உட்கார்ந்திருந்தார். இல்லாதவர் மிஸ்திரி. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவது, ஃபேன் கழற்றி மாட்டுவது என்று அந்தக் கட்டடத்தில் வயர் இருக்கும் எதையும் தொடுகிற ஆள் அவர் ஒருவர்தான். தன் பேட்டைப் பூஜையில் விடிய விடிய மேளம் அடித்துவிட்டு எங்கோ தூங்கிக்கொண்டிருந்தார். போன் மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

தெருவில் மூன்று டிரெய்லர்கள் நின்றன. மூன்றிலும் சணல் சாக்கு ஏற்றி முத்திரை வைத்த கன்டெய்னர்கள். மாலை நாலு மணியோடு துறைமுகத்தின் கேட் அந்தக் கப்பலுக்கான சரக்கை வாங்குவதை நிறுத்திவிடும். அதற்குள் மூன்றும் உள்ளே போயாக வேண்டும். போவதற்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு கேட் சீட்டு வேண்டும். பார்கோடும் சீட்டு எண்ணும் போட்டு அச்சடித்தது. அந்தச் சீட்டை அடிக்கும் சாஃப்ட்வேர் எங்கள் கம்பெனி செய்து கொடுத்தது. காலையிலிருந்து அது சீட்டு அடிக்காமல் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தது: டேபிள் இல்லை.

அண்ணாச்சி தூத்துக்குடிக்காரர். சரக்கைக் கப்பலேற்றிக் கொடுக்கும் சின்ன ஏஜென்சி வைத்திருக்கிறார். அவருக்கு வரும் வேலையில் பாதி ஒரே ஒரு சணல் வியாபாரி கொடுப்பது. மழைக்காலத்தில் அந்த வியாபாரியின் கன்டெய்னர் ஒன்று கப்பலைத் தவறவிட்டுவிட்டது. "இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா நான் வேற ஆளப் பாத்துக்கறேன்" என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போயிருந்தார். திட்டியிருந்தால் அண்ணாச்சி அவ்வளவு பயந்திருக்க மாட்டார். அந்தச் சிரிப்புக்குத்தான் பயந்தார்.

என் ஆபீஸ் ஊரின் மறுகோடியில், நியூ டவுனில். வீடு கிடர்பூரில், அண்ணாச்சி கோடவுனிலிருந்து நடக்கிற தூரம். அதனால் காலையில் நாங்கள் தாதா, வங்காளத்தில் அண்ணன், என்று கூப்பிடும் எங்கள் டீம் லீடர் எனக்குத்தான் போன் செய்தார். "நீ பக்கத்துலதான இருக்க, நேரா அங்க போயிடு, அவங்க பாஷையும் உனக்குத் தெரியும்" என்றார். நான் இட்லியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

"ஏல, அத முடிச்சிட்டுப் போல. அந்த ஆபீஸ்ல உன்ன விட்டா ஆளே கெடையாதா?" என்றாள் அம்மா.

"பக்கத்துல இருக்க ஆளு நான்தாம்மா."

"பக்கத்துல இருக்கவனுக்குத்தான் எல்லா வேலையும். தூரத்துல இருக்கவன் சம்பளம் வாங்குதான்."

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா இங்கே ஒரு டிபன் கடையில் தோசை மாஸ்டர். அவரும் அம்மாவும் எழுத்தறியாதவர்கள். எனக்கு எழுத்துக் கூட்டத் தெரிந்த நாளிலிருந்து வீட்டுக்கு வந்த எல்லாக் காகிதத்தையும் நான்தான் படித்தேன். கரண்ட் பில், ரேஷன் நோட்டீஸ், பேங்க்கிலிருந்து வருவது, அப்புறம் எங்கள் சந்திலிருந்த மற்றத் தமிழ் வீடுகளுக்கு வருவது எல்லாம். மேலே இருக்கும் பெரிய எழுத்தைப் படித்துவிட்டு நான் நிறுத்தினால் அம்மா விட மாட்டாள். "கீழ பொடிசா என்னமோ இருக்கே, அது என்ன?" என்பாள். பணம் கட்டச் சொல்வதும் கட்ட வேண்டாம் என்பதும் பெரும்பாலும் அந்தப் பொடி எழுத்தில்தான் இருக்கும். அப்படி வந்ததுதான் என் படிப்பு. எதையும் கடைசி எழுத்துவரை படிக்காமல் பதில் சொல்ல எனக்கு வராது. என் வேலைக்கு அதைவிட நல்ல பயிற்சி கல்லூரியில் கிடைத்ததாக நான் நினைக்கவில்லை.

மாடி ஏறியபோது தீதி நாற்காலியைத் திருப்பிப் போட்டு, கம்ப்யூட்டருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தீதி பேசுவது வங்காளம். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"வாங்க இஞ்சினியர் பாபு. நான் எதையும் தொடல. வந்தேன், பாஸ்வேர்ட் போட்டேன், உள்ள விட்டுச்சு. சீட்டு அடிக்கிற பட்டனை அழுத்தினேன். இல்லைங்குது. உங்க மெஷின் நேத்து லீவு எடுத்துட்டு இன்னைக்கும் வேலைக்கு வரல."

"ரொம்ப மெதுவாவும் இருக்கா தீதி?"

"மெதுவா? பட்டனை அழுத்திட்டு ஒரு டீ குடிச்சு முடிச்சேன்."

அண்ணாச்சி ஜன்னலோரம் நின்று டிரெய்லர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே கேட்டார். "தம்பி, எனக்கு ஒரு எழவும் புரியல. அது என்ன டேபிளு?"

"பட்டியல் அண்ணாச்சி. உங்க கன்டெய்னர் விவரம், சீட்டு நம்பர் எல்லாம் வரிசையா அடுக்கி வெச்ச பட்டியல். அது சர்வர்ல டேட்டாபேஸுக்குள்ள இருக்கும். சாஃப்ட்வேர் போயி கேக்கும், அது எடுத்துக் கொடுக்கும்."

"இப்ப கேட்டா?"

"இல்லைன்னு சொல்லுது."

"மாடு மேஞ்சிட்டாக்கும்" என்றார் அண்ணாச்சி.

நான் தீதியின் நாற்காலியில் உட்கார்ந்து எரரைப் படித்தேன். பெரிய சிவப்பு எழுத்தில் 'டேபிள் இல்லை'. அதற்குக் கீழே நீளமாகப் பொடி எழுத்தில் ஒரு வரி. இந்தப் பெயருள்ள டேட்டாபேஸில், இந்தப் பெயருள்ள டேபிள் இல்லை என்று அந்த வரி சொன்னது. டேபிள் அழிந்துவிட்டது என்று சொல்லவில்லை. இந்த டேட்டாபேஸில் இல்லை, அவ்வளவுதான். அதை நான் இரண்டாம் முறை படிக்கும்போது தாதாவிடமிருந்து போன்.

"கேளு, என்ன பாத்துக்கிட்டிருக்க? டேபிள் இல்லைன்னா டேபிளை உண்டாக்கு. அதுக்கான ஸ்கிரிப்ட் புரோகிராம் உன்கிட்ட இருக்கு. ரெண்டு நிமிஷம்."

"உண்டாக்கலாம் தாதா. எரர் போயிடும். ஆனா உள்ள வெறும் டேபிள்தான் இருக்கும்."

"மூணே கன்டெய்னர். அந்தம்மா திரும்ப டைப் பண்ணட்டும்."

"சீட்டு நம்பர் ஒண்ணுலேர்ந்து ஆரம்பிக்கும் தாதா. பூஜைக்கு முந்தின நாளே இந்த மூணுக்கும் நம்பர் போட்டு போர்ட்டுக்கு அனுப்பியாச்சு. கேட்ல அதே நம்பர் வரணும். மாறி வந்தா கன்டெய்னரை ஓரங்கட்டி நிறுத்திடுவாங்க."

"பேக்கப்?"

"கடைசி பேக்கப் போன வாரம். இந்த மூணும் அதுல இல்ல."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. அண்ணாச்சிக்கு வங்காளம் நன்றாகவே புரியும். அவர் ஜன்னலை விட்டு என்னிடம் வந்தார். "தம்பி, அவரு ஒனக்கு மேல உள்ளவரு. அவரு சொல்லுதத செய்யேன். மொதல்ல அந்தச் செவப்பு எழுத்து போகட்டும்."

"சிவப்பு எழுத்து போயிரும் அண்ணாச்சி. வண்டி கேட்ல நிக்கும்."

தீதியிடம், அந்த மூன்று நம்பரையும் எங்காவது குறித்து வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன்.

"எதுக்குக் குறிக்கணும்? எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கும், இனிமே பேனாவே வேண்டாம்னு போன வருஷம் வந்து லெக்சர் கொடுத்தது யாரு? நீங்கதான?"

தாதா கொஞ்சம் சூடாகவே கேட்டார். "நாலு மணிக்குள்ள முடியலைன்னா பொறுப்பு யாரு?"

"நான் தாதா. ஸ்கிரிப்டை ஓட்ட மாட்டேன். முதல்ல அந்த டேபிள் எங்க இருக்குன்னு பாக்கறேன்."

சொல்லிவிட்டு நானே போனை வைத்தேன். அதுவரை தாதா பேசி முடிக்கும் முன் நான் போனை வைத்ததில்லை. ஆனால் நான் செய்தது சரிதான். அது எனக்கு அப்போதே தெரிந்தது. இல்லாத டேபிளை உண்டாக்கினால் எரர் வாயை மூடிக்கொள்ளும். அப்புறம் உண்மையான டேபிள் எங்கே என்று யாரும் தேட மாட்டார்கள்.

டேட்டாபேஸிடம் முதல் கேள்வி கேட்டேன்: உன்னிடம் என்னென்ன டேபிள்கள் இருக்கின்றன? பதிலாக ஒரே ஒரு பெயர் வந்தது. உள்ளே நுழைகிறவர்களின் பெயரும் பாஸ்வேர்டும் இருக்கும் டேபிள். கன்டெய்னர், வாடிக்கையாளர், எடை, பில் எதுவும் இல்லை.

இதைப் பார்த்ததும் எனக்குப் பாதி பயம் போய்விட்டது. வீட்டில் ஒரு குடத்தைக் காணோம் என்றால் யாரோ எடுத்திருக்கலாம். ஒரு பாயைத் தவிர வீட்டில் எதுவுமே இல்லை என்றால், நாம் வேறு வீட்டுக்குள் வந்து நிற்கிறோம்.

இரண்டாவது கேள்வி: எப்போதிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறாய்? நேற்று காலை பதினோரு மணியிலிருந்து என்றது.

"நேத்து பதினோரு மணிக்கு இங்க யார் இருந்தது?"

"நான் லீவு. மாமியார் வீட்ல பூஜை" என்றார் தீதி.

"நான் மத்தியானம் வந்தேன். கீழ சாமி கும்பிட்டேன், கிச்சடி சாப்பிட்டேன், வீட்டுக்குப் போயிட்டேன்" என்றார் அண்ணாச்சி. "மாடிக்கே வரல. பூஜை அன்னிக்கி மெஷின் பக்கமே போகப்பிடாதுன்னு இவனுவ ஒரே சட்டம். அடுத்தாப்புல நம்ம ஆயுத பூஜை வரும், அதுக்கும் ஒருநா லீவு. மெஷினுக்கு இருக்க யோகம் எனக்கு இல்ல."

சர்வர் என்பது அந்த அலுவலகத்தில், தீதியின் மேசைக்குக் கீழே சுவரோரமாக இருக்கும் ஒரு கறுப்புப் பெட்டி. நான் தரையில் படுத்து, போன் வெளிச்சத்தில் அதைப் பார்த்தேன். தூசி படிந்த, சாதாரணக் கறுப்புப் பெட்டி. எழுந்து அறையைச் சுற்றிப் பார்த்தேன். பிரின்டர் நெற்றியில் குங்குமம், சந்தனம். தீதியின் மானிட்டருக்கு ஒரு பொட்டு. கீபோர்டுக்கு, கால்குலேட்டருக்கு, ஸ்டேப்ளருக்கு, தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷினுக்கு. மின்விசிறியின் சுவிட்சுக்குக்கூட ஒன்று. மேசைக்குக் கீழே இருந்த பெட்டிக்கு மட்டும் இல்லை.

"தீதி, சர்வருக்கு ஏன் பொட்டு வைக்கல?"

அவரும் குனிந்து பார்த்தார். "ஆரே, ஆமா! ஸ்டேப்ளருக்கு வெச்சவன் இதை விட்டுட்டானே. பாவம், ஜாதியை விட்டுத் தள்ளி வெச்ச மாதிரி!"

"இது உங்க சர்வர் இல்ல தீதி."

மறுபடி படுத்துப் பெட்டியின் பின்பக்கத்தைத் துடைத்ததும் தெரிந்துவிட்டது. பாதி கிழிந்த எங்கள் கம்பெனி ஸ்டிக்கர். இது பழைய சர்வர். போன வருடம் புது சர்வர் வைத்தபோது, இதிலிருந்த டேபிள்களை எல்லாம் அழித்து, லாகின் டேபிளை மட்டும் விட்டுப் பரண்மேல் ஏற்றியிருந்தோம். புதியதற்கும் இதற்கும் நெட்வொர்க்கில் ஒரே முகவரி. அதனால் பழையதைக் கொண்டுவந்து கேபிளைச் செருகினால் எல்லாக் கம்ப்யூட்டர்களும் இதையே சர்வர் என்று நம்பும். இங்கே யாரும் ஒருநாளும் பாஸ்வேர்ட் மாற்றியதில்லை, ஆகவே தீதியைத் தடையில்லாமல் உள்ளேயும் விட்டது. உள்ளே போய்க் கேட்டால்தான் ஒன்றும் இல்லை.

"அப்ப புதுசு எங்க? களவு போயிட்டா?" அண்ணாச்சியின் குரல் உயர்ந்தது.

"யாராவது கழட்டி வெச்சிருக்கணும். கறுப்புப் பெட்டி, முன்னால நீல லைட்டு. பெரிசா இருக்கும். பாத்தீங்களா?"

அண்ணாச்சி கீழே கோடவுனைக் கை காட்டினார். "நேத்து அத நான் கும்பிட்டேன் தம்பி" என்றார்.

மூவரும் படியில் தடதடவென்று இறங்கினோம்.

கோடவுனில் சாக்கு வாடையும் சாம்பிராணியும் கலந்து அடித்தது. விஸ்வகர்மாவின் வலப்பக்கம் ஃபோர்க்லிஃப்ட், முன்கரத்தில் வாழைக்கன்று கட்டியபடி. இடப்பக்கம் எடை மெஷின். நேர் முன்னே, சிவப்புத் துணி விரித்த பலகையில் ஸ்பேனர்கள், சங்கிலி, சாக்குத் தைக்கும் மெஷின். எல்லாவற்றுக்கும் நடுவில், சாமிக்கு மிக அருகில், இரண்டு சாமந்தி மாலையும் நெற்றி நிறைய செந்தூரமுமாக எங்கள் சர்வர். அதன் தலைமேல் ஒரு ஆப்பிள்.

அண்ணாச்சி சட்டைக் கையை மடித்துக்கொண்டு போனார். "எடுங்கப்பா, மேல தூக்குங்க!"

சர்தார் அவருக்கும் பலகைக்கும் நடுவே வந்து நின்றார். கையைக் கட்டிக்கொண்டு, மரியாதையாகத்தான். "மாலிக், கலசம் இன்னும் அசையல."

சாமி முன்னால் மண் கலசம் ஒன்று மாவிலையோடு இருந்தது. புரோகிதர் வந்து மந்திரம் சொல்லி அதைச் சற்று அசைக்க வேண்டும். அப்போதுதான் சாமி விடைபெற்றதாகக் கணக்கு. அதுவரை சாமி முன்னால் வைத்ததை எடுக்கக் கூடாது என்பது அந்தக் கோடவுனின் வழக்கம்.

"அவரு எப்ப வருவாரு?"

"சாயங்காலம்."

"சாயங்காலம் கப்பல் போயிரும்! நாளைக்கு இந்தக் கம்பெனியே இருக்காது. அப்ப அடுத்த வருஷம் யாருக்குய்யா பூஜை போடுவ?"

சர்தார் செருப்பைக் கழற்றி வலதுகாலை முன்னே நீட்டினார். பெருவிரல் நசுங்கி நகமில்லாமல் இருந்தது. "போன வருஷம் நீங்க அவசரம்னு சொன்னீங்க. கலசம் அசையறதுக்கு முன்னாடி அந்தச் சங்கிலியை எடுத்தோம். மூணே நாள். அறுந்து யார் மேல விழுந்துச்சு மாலிக்? உங்க மேலயா?"

அண்ணாச்சி மடித்த கையை இறக்கிவிட்டார். தீதியும் சர்தார் பக்கம் சேர்ந்துகொண்டார். "மாலை போட்டு உட்கார வெச்சவரை மாலையோட தரதரன்னு இழுத்துட்டு வர முடியுமா? அவங்க சொல்றது சரிதான்."

எனக்கு அவர்களோடு வாதாடத் தோன்றவில்லை. நாளைக்கும் அந்தச் சங்கிலியின் கீழ் நிற்கப்போவது அவர்கள். நான் நியூ டவுனில் ஏசியில் இருப்பேன். "சர்தார், தூக்க வேண்டாம்" என்றேன். "இருக்கற இடத்துலயே இருக்கட்டும். ஒரு வயர் இழுத்துக்கறேன், கரண்டுக்கு ஒண்ணு, மேல கம்ப்யூட்டருக்கு ஒண்ணு. இங்கருந்தே வேலை செய்யட்டும்."

அவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள். நகர்த்தாமல் ஓட்டலாம் என்றார் ஒருவர். சாமி இருக்கும்போது மெஷினை ஓட்டினால் அது என்ன ஓய்வு என்றார் இன்னொருவர். கடைசியில் சர்தார் தீர்ப்புச் சொன்னார். "வயர் இழுங்க, பக்கத்துல வரைக்கும் கொண்டு வாங்க. ஆனா கலசம் அசைஞ்ச பிறகுதான் சுவிட்ச்."

ஆக, இப்போது வேண்டியது டேபிள் இல்லை. புரோகிதர்.

அண்ணாச்சி போன் போட்டார். புரோகிதர் கார்டன் ரீச்சில் ஒரு பிரின்டிங் பிரஸ்ஸில் இருந்தார். அதற்குப் பிறகு வரிசையாக லேத் பட்டறைகள். அண்ணாச்சி தட்சிணையை ஏற்றினார். புரோகிதர் முதுகுவலி என்றார். அண்ணாச்சி இன்னும் ஏற்றினார். வழியில் பஸ் நெரிசல் என்றார். "ஆப்ல டாக்ஸி போட்டு அனுப்புதேன் சாமி, ஏசி வண்டி, போகவும் வரவும்" என்று அண்ணாச்சி பாதித் தமிழிலும் பாதி வங்காளத்திலும் கத்த, முதுகுவலி அத்தோடு நின்றுவிட்டது.

அந்த இடைவெளியில் நான் எதிர்க்கடையில் நீளமான நெட்வொர்க் கேபிள் வாங்கி வந்து, மாடி ஜன்னல் வழியாகக் கோடவுனுக்குள் இறக்கினேன். சுமையாட்களில் ஒருவர் தானே ஏணி வைத்துக் கேபிளை உத்தரத்தில் கட்டினார். சர்வரைத் தொடாமல், முன்னால் மண்டியிட்டு, மூச்சை அடக்கி, அதன் காற்றுத் துளைகளில் ஒட்டியிருந்த சாமந்தி இதழ்களையும் அரிசியையும் ஒவ்வொன்றாக எடுத்தேன். விட்டிருந்தால் உள்ளேயிருக்கும் ஃபேன் அவற்றை அரைத்துப் பிரசாதமாக்கியிருக்கும்.

பிறகு மாடிக்குப் போய்ப் பழைய பெட்டியின் கேபிளைப் பிடுங்கினேன். ஒரே முகவரியில் இரண்டு சர்வர் இருந்தால் எதற்கு எது பதில் சொல்கிறது என்று தெரியாமல் போய்விடும். பிடுங்கின மறுநொடி, வாசலில் கைவிரல் வைத்து வருகையைப் பதியும் மெஷின் கீ... கீ... என்று அலறத் தொடங்கியது. சர்வர் கிடைக்காவிட்டால் அது அப்படித்தான் அலறும், நிற்காது.

சர்தார் கீழேயிருந்து சிரித்தார். "இதேதான்! நேத்தும் இப்படித்தான் கத்துச்சு. மந்திரமே கேக்கல. மிஸ்திரி மேல ஓடினான், என்னமோ பண்ணினான், வாயை மூடிக்கிச்சு."

மிஸ்திரி செய்தது எங்களுக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. இருப்பதில் பெரிய மெஷினைச் சாமி முன்னால் வைத்திருக்கிறார். வாசல் மெஷின் அலறவும், பரணிலிருந்து பழையதை இறக்கி அதே கேபிளைச் செருகி அதை அடக்கியிருக்கிறார். தாதாவும் எனக்கு அதையேதான் செய்யச் சொன்னார்: சத்தத்தை நிறுத்து.

மூன்று மணி தாண்டிய பிறகு புரோகிதர் வந்து இறங்கினார். ஏசி வண்டியில் தூங்கி முகம் தெளிந்திருந்தது. "எந்த மெஷினுக்கு அவ்வளவு அவசரம்?" என்று கேட்டு, நான் காட்டியதைப் பார்த்தார். "இதுவா! நேத்து இதுக்குப் பொட்டு வைக்க நான் பட்ட பாடு. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஓட்டை!"

"சாமி, கொஞ்சம் சீக்கிரம்" என்றார் அண்ணாச்சி.

"மந்திரத்தைப் பாதி சொல்லட்டுமா? தட்சிணையிலயும் பாதி எடுத்துக்குவீங்களா?"

அண்ணாச்சி கைகூப்பி நின்றார். தெருவில் டிரெய்லர்காரர் ஒருவர் ஹாரன் அடித்தார். வாசல் மெஷினின் அலறலுக்கு நடுவே மந்திரம் அதன் வேகத்திலேயே போனது. புரோகிதர் கலசத்தின்மேல் விரல்களை வைத்து மெல்ல அசைத்தார். மாவிலை ஆடியது. சர்தார் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

நான் சுவிட்சைப் போட்டேன். சர்வர் ஒருமுறை செருமியது, நீல விளக்கு எரிந்தது. தலைமேல் இருந்த ஆப்பிளை சர்தார் எடுத்துக்கொண்டார். வாசல் மெஷின் அலறலை நிறுத்தியது. மாடிப்படியின் உச்சியிலிருந்து தீதியின் குரல் வந்தது.

"வந்துருச்சு! எல்லாம் இருக்கு! மூணு நம்பரும் இருக்கு!"

பிரின்டர் சீட்டுகளைத் துப்பும் சத்தம் கீழேவரை கேட்டது. அண்ணாச்சி ஐம்பது வயதுக்கு மேலானவர். அந்தப் படியை அன்று அவர் ஏறி இறங்கியதைப் பார்த்திருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். முதல் இரண்டு டிரெய்லர்கள் கேட் மூடுவதற்குள் உள்ளே போய்விட்டன. மூன்றாவது, வரிசையில் ஒரு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, நாலு மணிக்கு இந்தப் பக்கமே நின்றது. அண்ணாச்சி கப்பல் கம்பெனி ஆபீஸில் பேசி, தாமதக் கட்டணம் கட்டி, அதையும் அன்று மாலையே உள்ளே அனுப்பினார். மூன்றும் அதே கப்பலில் ஏறின. சணல் வியாபாரிக்கு எதுவும் தெரியாது. ஏறியாச்சு என்று அண்ணாச்சி போனில் சொன்னதற்கு, "ஏறாமல் என்ன செய்யும்?" என்று அவர் கேட்டு, அடுத்த வாரச் சரக்கையும் பேசிவிட்டு வைத்தார்.

நான் பழைய பெட்டியின் முகவரியை மாற்றி, அதிலிருந்த சாஃப்ட்வேரையும் லாகின் டேபிளையும் அழித்தேன். இனி யார் செருகினாலும் அது சர்வர் வேஷம் போட முடியாது. தாதாவுக்கு நடந்ததை எழுதி அனுப்பினேன். "குட். விசிட் சார்ஜுக்கு பில் போடு" என்று மட்டும் பதில் வந்தது. அண்ணாச்சியிடம் சொன்னேன்.

"எதுக்கு பில்லு? ஏமாத்துனது உங்க பழைய பெட்டிதானே? நான்லா உங்களுக்கு பில்லு போடணும்" என்றார். நான் பில் போடவில்லை. தாதாவும் அப்புறம் கேட்கவில்லை.

சுமையாட்கள் சிலையை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது மிஸ்திரி போன் செய்தார். தூக்கம் கலையாத குரல். "சர்வரா? சாமி முன்னாலதான் இருக்கு, எங்க போகும்? இங்க உள்ள எல்லாருக்கும் சோறு போடற மெஷின் அது. அதை விட்டுட்டு ஃபோர்க்லிஃப்டுக்கு மட்டும் பூஜை பண்ணினா நல்லாவா இருக்கும்?"

அண்ணாச்சி திட்டத்தான் வாயெடுத்தார். திட்டு வரவில்லை. "அடுத்த வருஷம் சாமிய மாடிக்குக் கொண்டு வாடே. மெஷின கீழ எறக்காத" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு வைத்தார். மிஸ்திரிக்கு என்ன புரிந்ததோ.

பிறகு அண்ணாச்சி தீதியின் கால்குலேட்டரை, அதன் நெற்றிப் பொட்டோடு, தன் பக்கம் இழுத்து அன்றைய செலவைக் கூட்டினார். மூன்றாவது கன்டெய்னருக்குக் கட்டிய தாமதக் கட்டணம் ஏழாயிரத்து ஐந்நூறு, புரோகிதருக்குத் தட்சிணை ஆயிரத்து நூற்றொன்று, அவர் வந்துபோன வண்டிக்கு அறுநூற்று இருபது, நான் வாங்கிய கேபிளுக்கு நானூற்று நாற்பத்தொன்பது. ஆக மொத்தம் ஒன்பதாயிரத்து அறுநூற்று எழுபது ரூபாய்.